அரைப்புள்ளி அழுமா, கண்ணடிக்குமா?

முதலில் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். இப்போது இதைப் பாருங்கள்: :-) இரண்டு கண், ஒரு மூக்கு, சிரித்த வாய்.

இது பிறந்தது ஒரு கலாட்டாவில். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டதாகக் கணினி அறிவிப்புப் பலகையில் யாரோ விளையாட்டாக எழுத, சிலர் பதறிப்போனார்கள். வேடிக்கைக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிஞர் இந்தக் குறியை முன்வைத்தார். கூடவே :-( என்பதையும் தந்தார். அவர் கணக்கில் அது சோகமே அல்ல. ‘இது வேடிக்கை இல்லை’ என்ற எச்சரிக்கை. சோகம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. நாளடைவில் மூக்கும் உதிர்ந்து :) ஆயிற்று. எனக்கென்னவோ மூக்குள்ளதுதான் அழகு.

ஜப்பானிய முகங்களுக்குக் கழுத்தைச் சாய்க்க வேண்டாம். 1980-களிலேயே அங்கே (^_^) புழக்கத்துக்கு வந்துவிட்டது. (^_^), (>_<), (-_-) மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மகிழ்ச்சி, தவிப்பு, சலிப்பு என்று முகம் மாறுகிறது. வாய் மட்டும் அதே அடிக்கோடு. எல்லாவற்றையும் கண்ணே சொல்லிவிடுகிறது. மேற்கத்திய முகத்திலோ பெரும்பாலும் கண் அப்படியே இருக்க, வாய்தான் வளைந்து நெளியும். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் மசாகி யூகியும் சகாக்களும் 2007-ல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதுதான்: ஒருவரின் உணர்ச்சியை அறிய ஜப்பானியர் கண்ணுக்கும், அமெரிக்கர் வாய்க்கும் கூடுதல் எடை தருகிறார்கள்.

ரசனைக்கு நல்ல பயிற்சி, ஒரே ஒரு குறியைத் துரத்திப் பார்ப்பது. அரைப்புள்ளியையே எடுத்துக்கொள்வோம். ;) என்பதில் அது கண்ணடிக்கிறது; ஒரு கண் திறந்த புள்ளி, மற்றது சுருங்கிய கால்புள்ளி. (;_;) என்பதில் அதே குறி கண்ணீராக வழிகிறது. (^_^;) என்பதில் கன்னத்தோரம் இறங்கும் வியர்வை, அதாவது அசட்டுச் சிரிப்பு. ஜப்பானியப் படக்கதைகள் படித்தவர்களுக்கு அந்த வியர்வைத்துளி பழக்கமானது.

_(_ _)_ என்பதில் முகத்தைத் தேடாதீர்கள். தரையில் இரு கைகளையும் ஊன்றித் தலை குனிந்த ஆள் அது, எதிரிலிருந்து பார்த்தபடி. மன்னிப்புக்கும் ஆகும், நன்றிக்கும் ஆகும்.

கன்னடத்துக்கும் இதில் பங்குண்டு. அதில் வட்டத்துக்குள் புள்ளியும் தலைமேல் சிறு கொக்கியும் கொண்ட ஓர் எழுத்து இருக்கிறது. அடிக்கோட்டின் இருபுறமும் அதை வைத்தால் புருவம் தூக்கி முறைக்கும் முகம். கன்னடம் ஒரு சொல்கூடத் தெரியாதவர்களும் உலகெங்கும் அதைக் காட்டித்தான் முறைக்கிறார்கள்.