சிறைக் கணக்கும் நீதியின் கணக்கும்

பாகாயத்தை அடுத்த தொரப்பாடியில் வேலூர் மத்தியச் சிறை அமைந்துள்ளது. அதன் மதிலை நாள்தோறும் காண்போருள் பலர், உள்ளிருப்போர் யாவரும் குற்றவாளிகளே என எண்ணுகின்றனர். நாடு முழுமைக்கும் பார்த்தால் அவ்வெண்ணம் பிழை என்பதற்கு அரசின் ஏடே சான்று.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ‘இந்தியச் சிறைப் புள்ளிவிவரம்’ தொகுப்பின்படி, 2022 டிசம்பர் 31 அன்று சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர், அதாவது 75.8 விழுக்காட்டினர், விசாரணைக் கைதிகள், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். ஐந்தாண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்தோர் 11,000-க்கும் அதிகம்.

இத்துணை விவரங்களை ஓரிடத்தில் திரட்டித் தருவது பாராட்டத்தக்கதே. சமயம், சமூகப் பிரிவு, கல்வி, காவலில் கழிந்த காலம் என ஒவ்வொன்றுக்கும் அட்டவணை உண்டு. ஆயின், ஓர் அட்டவணையை மற்றொன்றோடு பொருத்திப் பார்க்க வழியில்லை. எழுத்தறியாதவர் கற்றவரைவிட நெடுநாள் சிறையிருந்தாரா என்று வினவினால், ஏடு மௌனம் காக்கிறது. காவல்துறைக்கு ஒரு கணக்கு, நீதிமன்றத்துக்கு ஒரு கணக்கு, சிறைக்கு ஒரு கணக்கு. ஒரே மனிதரைக் கைது முதல் தீர்ப்பு வரை பின்தொடரும் கணக்கு இதில் இல்லை.

இஃது ஆய்வாளரின் குறை மட்டுமன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, முன்பு தண்டனை பெறாத விசாரணைக் கைதி உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் பிணையில் விடச் சொல்கிறது. மரண, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் இதற்கு விலக்கு. முந்தைய சட்டம் பாதிக் காலம் கேட்டது. எனவே இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால், ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களிலோ வழக்குகளிலோ விசாரணை நிலுவையில் இருப்பவர்க்கு இவ்வழி அடைக்கப்பட்டுள்ளது. அவ்வாறு அடைபட்டோர் எத்தனை பேர் என்பதைத் தொகுப்பு கொண்டு அறிய இயலாது. அதை அறியாமல் வகுக்கும் சட்டம், நாடி பாராமல் கொடுக்கும் மருந்தை ஒக்கும்.

ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக ‘கிதாபுல் கராஜ்’ நூலை இயற்றிய இமாம் அபூயூசுஃப் (ரஹ்) சிறைவாசிகளைப் பற்றியும் எழுதினார். கைதிகளின் பெயர்களை ஏட்டில் பதிந்து, உணவுக்குரிய தொகையை மாதந்தோறும் அவர்கள் கையிலேயே கொடுக்கச் சொன்னார். ரொட்டியாகக் கொடுத்தால் காவலர் கவர்ந்துகொள்வர் என்பது காரணம். வழக்குகளை எவரும் நோக்காமையாலேயே சிறைகள் நிரம்புகின்றன என்றும் சுட்டினார். அவருக்கு ஏடு, தலைகளை எண்ணுவதற்கன்று. பெயருக்குரியவரின் நிலையறிந்து செயற்படுவதற்கு.

தென்மாநிலச் சிறை அலுவலர்க்கென 1979-இல் நிறுவப்பட்ட பயிற்சியகம் வேலூரிலேயே உள்ளது. பெயர்களை வெளியிடாமல் முத்துறைக் கணக்குகளையும் இணைக்கும் ஆய்வை அங்கிருந்தே தொடங்கலாம். இல்லையேல், 4,34,302 என்னும் எண் எத்துணைத் துல்லியமாயினும், ஒருவரையும் ஒருநாள் முன்னதாக வீடு சேர்க்காது.