தேடும் கண்ணும் தேறும் சொல்லும்

குழந்தை பேசத் தொடங்குமுன் சுட்டத் தொடங்குகிறது. இடுப்பில் அமர்ந்த மகவுக்கு நிலவைக் காட்டிச் சோறூட்டும் தாயிடத்தே சுட்டும் விரலும் பெயர் சொல்லும் நாவும் ஒருங்கே தொழிற்படுகின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கும் பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கும் பொதுவாக அம்புலிப் பருவம் அமைந்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அத்தாயின் செயலைத் தாளில் ஏற்றிய நூல்வகையே தேடிக் காணும் படநூல். விரிந்த பக்கத்தில் எண்ணற்ற உருவங்களை நெருக்கமாக வரைந்து, அவற்றிடையே இன்னதைக் கண்டுபிடி எனக் குழந்தையை ஏவுவது இதன் இயல்பு. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு இத்தகைய நூல்களை ஆங்கிலத்தில் வாங்கித் தருகின்றனர். அவற்றால் தமிழ்க் குழந்தை பெறுவது யாது, இழப்பது யாது என்பது தமிழாசிரியர் ஆராய வேண்டிய வினாவாகும்.

இருவேறு நோக்கு

இந்நூல்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. மியூனிக் நகரில் பிறந்த ஓவியர் அலி மிட்குட்ச் 1968ஆம் ஆண்டில் ஒரு நகரத்தின் வாழ்வை எழுத்தே இல்லாத பெரிய படங்களாக வரைந்து வெளியிட்டார். அந்நூல் அடுத்த ஆண்டே செருமானிய இளையோர் இலக்கியப் பரிசைப் பெற்றது. அதில் தலைவன் என ஒருவன் இல்லை. தவறி விழுபவன், வண்டி தள்ளுபவன், சண்டையிடும் சிறுவர் என ஒவ்வொருவரும் ஒரு கதைக்கு உரியவர்.

ஆங்கில ஓவியர் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்ட் 1987இல் வெளியிட்ட ‘வாலி எங்கே?’ என்னும் நூல் வேறு வகையினது. சிவப்பும் வெள்ளையுமான கோடிட்ட சட்டை அணிந்த ஒருவனைப் பெருங்கூட்டத்தில் கண்டுபிடிப்பதே அதன் விளையாட்டு. அங்கே கூட்டம் தடையாக நிற்கிறது. அவன் கிடைத்ததும் மற்றையோர் அனைவரும் வேண்டாதவராகிவிடுகின்றனர். நூலின் இறுதியில் மேலும் தேட வேண்டியவற்றின் பட்டியலைத் தந்து, மீண்டும் பார்க்குமாறு ஆசிரியர் அழைப்பதை மறுப்பதற்கில்லை. எனினும், கண்டவுடன் பக்கத்தைப் புரட்டும் வேகமே குழந்தைக்கு முதலில் பழக்கமாகிறது. முன்னதில் விளைவது பேச்சு. பின்னதில் விளைவது பெரும்பாலும் ‘அதோ!’ என்னும் ஒற்றைச் சொல்லே.

சுட்டும் வினாவும்

அனட் நினியோ, ஜெரோம் புரூனர் என்னும் அறிஞர் இருவர் ஒரு தாயும் மகவும் படநூல் பார்ப்பதைக் குழந்தையின் 8ஆம் மாதம் முதல் 18ஆம் மாதம் வரை தொடர்ந்து நோக்கி, 1978இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். தாயின் பேச்சு நான்கு படிகளில் அமைந்திருந்தது. முதலில் ‘பார்’ என அழைத்தாள். பின்னர் ‘அது என்ன?’ என வினவினாள், பெயரைச் சொன்னாள், குழந்தையின் விடையை ஏற்று மொழிந்தாள். ஆகவே, படநூலின் பயன் படத்தோடு முடிவதன்று. அருகிருப்பவர் வினவும் வினாவிலேயே அது முழுமை பெறுகிறது. வினா எம்மொழியில் பிறக்கிறதோ அம்மொழியிலேயே விடையும் பிறக்கும்.

இத்தொழிலுக்குத் தமிழில் வளம் குறைவன்று. சுட்டெழுத்தும் வினாவெழுத்தும் தமிழ் இலக்கணத்தின் தொடக்கப் பாடங்கள். ஏழாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் கூறும் உருபு ‘கண்’. பார்க்கும் உறுப்பின் பெயரும் இடத்தைக் குறிக்கும் உருபும் ஒரே வடிவில் நிற்பது தேடிக் காணும் விளையாட்டுக்கென்றே அமைந்ததுபோல் தோன்றுகிறது. நன்னூலார் மேல், கீழ், முன், பின், உள், புறம் முதலாக 28 உருபுகளை அடுக்குகிறார். ‘அங்கே’ எனச் சொல்லி நின்றுவிடும் பிள்ளைக்கு இவற்றில் பத்து உருபுகளேனும் நாவில் ஏறின், பின்னாளில் வேற்றுமை இலக்கணம் சுமையாகத் தோன்றாது.

பிரிக்பீல்ட்ஸ் தெருவே பக்கம்

பிறநாட்டுப் படநூலில் குழந்தை காண்பவை பனிமலையும் ஐரோப்பியச் சதுக்கமும் ஆகும். அவற்றைக் காண்பதில் தீங்கில்லை. ஆயின் வீட்டில் வழங்கும் தமிழ்ச்சொற்கள் பலவற்றுக்கு அப்பக்கங்களில் இடமில்லை. கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமுட்டர் ரயிலில் வரும் தாயும் பிள்ளையும் அத்தகைய நூலொன்றைப் பார்த்து வந்தனர் எனக் கொள்வோம். இறங்கிப் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நடந்தால், மாலை தொடுப்பவர், கிளி சோதிடர், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, தலைக்கு மேல் ஓடும் மோனோரயில், 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமம் எனத் தெருவே ஒரு படநூலாக விரிகிறது. கிள்ளானின் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக் காலக் கூட்டம் மற்றொரு பக்கம். நவராத்திரிக் கொலுப்படிகளும் கோயில் கோபுரமும் தமிழர் நெடுங்காலமாக அறிந்த பக்கங்களே. ‘செட்டியார் பொம்மை எந்தப் படியில் இருக்கிறது, அவருக்கு வலப்புறம் யார்?’ எனக் கேட்ட பாட்டிமார் படநூலின் பயனை முன்னரே அறிந்தவராவர்.

சொல்லால் காட்டுதல்

பிரிக்பீல்ட்ஸ் வழங்கும் பாடம் மற்றொன்றும் உண்டு. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேயே இயங்குகிறது. வெண்கோல் ஏந்தி நடப்போர் இத்தெருவின் அன்றாடக் காட்சி. அவர்களுள் ஒருவருக்கு விரலை நீட்டி ‘அதோ’ என்றால் யாது பயன்? ‘பூக்கடைக்கு இடப்புறம், இரண்டு தூண்களுக்கு இடையில்’ என்று சொன்னாலன்றோ வழி புலப்படும்! வகுப்பறையிலும் இம்முறையே ஏற்றது. ஒரு மாணாக்கர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர் படத்தில் கண்டதைச் சொற்களாலேயே உணர்த்த வேண்டும். கேட்டவர் பின்னர்க் கண்திறந்து, சொல்லப்பட்ட பொருளை அதே இடத்தில் கண்டால், சொன்னவர் மொழி தேர்ந்தது எனக் கொள்ளலாம்.

ஆங்கில நூல்களை விலக்க வேண்டுவதில்லை. எழுத்தில்லாப் படத்துக்கு மொழியில்லை. அதைத் தமிழ்நூலாக்குவது அருகிருப்பவரின் நாவே. எனினும் இத்தெருக்களையும் மக்களையும் வரைந்து, பாட்டி சுட்ட வடையையும் அதைக் கவர்ந்த காக்கையையும் கூட்டத்திடையே ஒளித்துவைக்கும் ஓவியரைத் தமிழ் எழுத்தாளர் துணைக்கொள்ளுதல் வேண்டும். அதுவரை ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பிள்ளை கண்டுபிடித்ததும் பக்கத்தைப் புரட்டாது, ‘எங்கே கண்டாய், சொல்’ என இன்னொரு முறை கேட்பதே அது. கண் தேடிக் கண்டதை நா தேடிச் சொல்லும்போதுதான் அக்குழந்தையிடம் தமிழ் வாழ்கிறது.