கேடயமும் வெண்குடையும்

வீரன் ஒருவன் விட்டுச்சென்ற படைக்கலம் யாருக்கு உரியது? அவன் கையினின்று நேரே பெற்றவனுக்கா, அரசு தெரிந்தெடுத்தவனுக்கா, அன்றி அதன் பொருட்டுத் துன்புற்றவனுக்கா? இவ்வினா பழமையானது. இராமகாதையில் அயோத்தியின் அரியணையைச் சூழ்ந்து எழுந்தது இவ்வினாவே. திருகோணமலையில் வாழும் நமக்கோ இஃது இன்னும் அணித்தானது. தந்தை வரராமதேவர் மனங்கொண்ட கோணேசர் திருப்பணியை மைந்தன் குளக்கோட்டன் மேற்கொண்டு முடித்தான் என்னும் மரபுச் செய்தியைக் கேட்டு வளர்ந்தோர் நாம். அவ்வினாவையே நம் காலத்துத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று எடுத்துக்கொண்டு ஆராய்கின்றது. மார்வல் நிறுவனத்தார் ஆக்கி, 2021ஆம் ஆண்டு மார்ச் 19 முதல் ஏப்ரல் 23 வரை ஆறு பகுதிகளாக வெளியிட்ட 'த பல்கன் அன்ட் த வின்டர் சோல்ஜர்' என்பதே அத்தொடர். மல்கம் ஸ்பெல்மன் தலைமை எழுத்தாளராகவும் காரி ஸ்கோக்லண்ட் நெறியாளராகவும் அமைந்தனர்.

வானிற் பறத்தலும் மதிற் பாய்தலுமாகிய விந்தைக் காட்சிகளுக்காக இளைஞர் இதனை விரும்பிக் காண்பர். அக்காட்சிகளை நீக்கிப் பார்ப்பினும் எஞ்சி நிற்கும் பொருள் ஒன்று இதன்கண் உண்டு. அப்பொருளை முற்ற எடுத்துச் செல்லாது இடைவழியில் இறக்கிவைத்த குறையும் உண்டு. இவ்விரண்டினையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையின் முன்வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். கப்டன் அமெரிக்கா என்னும் பாத்திரம் ஜோ சைமன், ஜக் கேர்பி என்னும் இருவரால் படைக்கப்பெற்று, 1941 மார்ச் மாதத் திகதியிட்ட சித்திரக்கதை இதழில் முதன்முதல் தோன்றியது. மெலிந்த உடலினனாகிய ஸ்டீவ் ரொஜர்ஸ் மருந்தொன்றின் ஆற்றலால் மாவீரனாகி, நாட்டுக்கொடியின் வண்ணம் தீட்டிய கேடயத்தை ஏந்தி நாற்சிப் படையை எதிர்க்கின்றான். ஏனைய வீரர் வாளும் வேலும் ஏந்த, இவனுக்கு அடையாளமாயிற்று காக்கும் கருவியாகிய கேடயம். 2019இல் வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' என்னும் திரைப்படத்தின் இறுதியில், முதுமையுற்ற ரொஜர்ஸ் அக்கேடயத்தைத் தோழன் சாம் வில்சனிடம் ஒப்படைக்கின்றான். சாம் மருந்தின் வலிமை பெறாதவன், இயந்திரச் சிறகுகளால் பறப்பவன், கறுப்பினத்தவன். பிறனொருவனின் பொருளைக் கையில் வைத்திருக்கும் உணர்வோடேயே அவன் அதனைப் பெறுகின்றான். தொடர் இவ்விடத்தினின்றும் தொடங்குகின்றது.

சாம் அக்கேடயத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் நூதனசாலைக்கு அதனை ஈந்துவிடுகின்றான். அரசினர் அவன் பெருந்தன்மையைப் பாராட்டுகின்றனர். பாராட்டிய சொல்லின் ஈரம் உலருமுன் அதே கேடயத்தை ஜோன் வோக்கர் என்னும் படையதிகாரிக்கு வழங்கி, அவனே புதிய கப்டன் அமெரிக்கா என நாடறிய அறிவிக்கின்றனர்.

இங்குப் பரதனை நினையாதிருத்தல் அரிது. அவனும் தனக்கு வந்த அரசை வேண்டாவென மறுத்தவன். ஆயின் அவன் மறுத்தது அரசுரிமையை. அரசின் பொறுப்பை அன்று. தமையனின் பாதுகைகளைத் தலைமேற்கொண்டு, நந்திக்கிராமத்தில் தவவேடத்தனாய் அமர்ந்து, பதினான்கு ஆண்டுகள் நாட்டைக் காத்தான். அவன் மறுப்பினால் அரியணை காவலற்றுக் கிடக்கவில்லை. பிறர் கைக்குப் போகவுமில்லை. சாம் வில்சனின் மறுப்போ இத்தகையதன்று. பணிவினாற் கேடயத்தைத் துறந்தான். துறந்த பொருளுக்குக் காவல் வைத்தானல்லன். அடக்கம் என்று நாம் போற்றும் குணம் சிலவேளைகளில் பொறுப்பினின்று நழுவுதற்குப் போர்வையாகவும் அமையும் என்பதனைத் தொடர் முதற் பகுதியிலேயே உணர்த்திவிடுகின்றது. இஃது இதன் முதற் சிறப்பு. சாமின் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அது பின்னரே விளங்கும்.

ஜோன் வோக்கரைத் தீயோனாகப் படைத்திருப்பின் கதை எளிதாய் முடிந்திருக்கும். ஆசிரியர் அவ்வெளிய வழியிற் செல்லவில்லை. அவன் நாட்டின் உயரிய வீரப்பதக்கத்தை மும்முறை பெற்றவன், கடமையிற் தவறாதவன், ரொஜர்ஸின் புகழுக்குத் தான் ஈடாவேனோ என உள்ளூர அஞ்சுபவனும் ஆவான். ஆயினும் அவனுக்குக் கேடயம் ஒரு பதவியாகவே வந்தது. அதனைப் பதவியாகப் பெற்றவன், அது தனக்கு மதிப்பைத் தேடித்தருதல் வேண்டும் என எதிர்பார்க்கின்றான். மதியாதாரைக் கண்டவிடத்துச் சினக்கின்றான். வலிமை போதாதென்னும் எண்ணம் உறுத்த, மருந்தினையும் மறைவில் உட்கொள்கின்றான். நான்காம் பகுதியில் அவன் தோழன் லெமார் கொல்லப்படுகின்றான். அத்துயர் வெறியாக மாற, ரீகா நகரத்து வெளியொன்றில், அக்கொலையைச் செய்யாத ஒருவனை, வீழ்ந்து கிடக்கும் நிலையிற் கேடயத்தினாலேயே அடித்துக் கொல்கின்றான். சுற்றிநின்றோர் கைத்தொலைபேசிகளில் அதனைப் பதிவுசெய்கின்றனர். கேடயத்தின் விளிம்பிற் குருதி படிந்திருக்கின்றது. நெடிய உரையாடல்கள் உணர்த்த மாட்டாததை அவ்வொரு காட்சி உணர்த்துகின்றது. கருவி தூயதாயிருத்தல் போதாது. ஏந்துவோன் உள்ளத்தின் இயல்பே கருவியின் இயல்பாகி விடுகின்றது.

இம்மூலக்கதையோடு ஒட்டி ஓடும் கிளைக்கதை ஒன்றை அவதானியாது கடப்போர் பலர். கடற்கரையில் வாழும் நாம் அங்ஙனம் கடத்தல் ஆகாது. சாமின் பெற்றோர் லூசியானாவின் கடலோரச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தோர். அவர்கள் பெயரையே தாங்கிய பழைய மீன்பிடிப் படகொன்றும், அடைந்து தீராத கடனும் மக்களுக்கு எஞ்சின. உடன்பிறந்தாள் சேரா படகை விற்றுவிட எண்ணுகின்றாள். விற்றல் ஆகாது என்பது சாமின் உறுதி. இருவரும் வங்கிக்குச் சென்று கடன் கேட்கின்றனர். உலகைக் காத்த வீரன் இவன் என்று அறிந்து மகிழ்ந்து, உடன் நின்று படம் எடுத்துக்கொள்ள விழையும் அலுவலர், கடனை மட்டும் மறுத்துவிடுகின்றார். புகழ் வேறு, பிணை வேறு என்பது வங்கிக் கணக்கு. இயந்திரம் பழுதுற்ற வள்ளத்தைக் கரையில் ஏற்றிவைத்துவிட்டு, அடுத்த பருவம் வருமுன் பணம் தேடி அலையும் குடும்பங்களை அறிந்த எவர்க்கும் இக்காட்சி அயல்நாட்டுக் காட்சியாகத் தோன்றாது.

ஐந்தாம் பகுதியிற் சாம் ஊர் மீள்கின்றான். பெற்றோரிடம் முன்னர் உதவி பெற்ற அயலவர் ஒவ்வொருவராய் வந்து சேர்கின்றனர். ஆளுக்கொரு வேலையாக எடுத்துச் செய்ய, படகு மெல்ல மெல்லச் சீர்பெறுகின்றது. அவ்வூரிலிருந்தே அவன் கேடயத்தை எறிந்தும் பிடித்தும் பயில்கின்றான், பலமுறை தவறுகின்றான், மீண்டும் எறிகின்றான். படகும் கேடயமும் இங்கு ஒன்றுக்கொன்று உவமையாகின்றன. இரண்டும் முன்னோர் விட்டவை, இரண்டும் பழுதுற்றவை, இரண்டின் மீதும் கடன் உண்டு. தந்தையின் சொத்தைப் பெறுவோன் தந்தையின் கடனுக்கும் முகங்கொடுத்தல் வேண்டும் என்பது நம்மூரார் யாவரும் அறிந்த நீதி. அந்நீதியை வீரத்துக்கும் பொருத்திக் காட்டியமை இத்தொடரின் தலையாய சிறப்பு என்பேன்.

கேடயத்தின் மீதுள்ள கடன் யாது? அதனை எடுத்துரைப்பவர் ஐசையா பிராட்லி என்னும் முதியவர். 2003இல் ரொபர்ட் மொராலெஸ் எழுத, கைல் பேக்கர் வரைந்த சித்திரக்கதையில் முதலிற் தோன்றிய பாத்திரம் அவர். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆடவர் நூற்றுக்கணக்கானோருக்கு உரிய மருத்துவம் அளியாது, மேகநோயின் போக்கினை அரச சுகாதார சேவையினர் ஆராய்ந்துவந்த கொடுமை வரலாற்று உண்மை. அதுவே இக்கற்பனைக்குப் பின்னணியாக நிற்கின்றது. தொடரில் ஐசையா, ரொஜர்ஸைப் போன்றே மருந்தேற்றப்பெற்று, கொரியப் போரிற் பங்கெடுத்தவர். ஆணையை மீறிச் சென்று, சிறைப்பட்ட தோழரை மீட்டவர். அதுபோன்ற செயலுக்காக ரொஜர்ஸை நாடு கொண்டாடியது. ஐசையாவுக்கோ கிடைத்தவை முப்பதாண்டுச் சிறையும், உடலை ஆராய்ந்தோர் கத்தியுமே. வெளியுலகுக்கு அவர் இறந்தவர்.

தன்மானமுள்ள கறுப்பினத்தான் எவனும் அக்கேடயத்தை ஏந்த விழையான் என்பது அம்முதியவரின் தீர்ப்பு. சாமின் தயக்கத்துக்குரிய மற்றைக் காரணம் இப்பொழுது விளங்குகின்றது. தொடர் அவருக்கு எளிய விடை கூறித் தப்பவில்லை. சாம் அவர் கூற்றைப் பொய்யென மறுப்பதுமில்லை, அதற்கஞ்சி ஒதுங்குவதுமில்லை. அத்துயரையும் உடன் சுமந்தே கேடயத்தை எடுக்கின்றான். முன்னோர் புகழை மட்டும் பாடி முன்னோர் பிழையை மறைப்போன் உரிமையாளன் ஆகான். வெறும் பெருமையாளனே ஆவான். பழம்பெருமை பேசுதலில் எவர்க்கும் பின்னிடாத நம்மனோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

இவ்வளவும் நிறை. இனிக் குறையை நோக்குவோம்.

கதையுலகில் உயிர்களிற் பாதி ஐந்தாண்டுகள் மறைந்து பின்னர் மீண்டன. மறைவுக் காலத்தில் எல்லைகள் தளர்ந்தன. நாடற்றோரும் ஏழைகளும் வெற்றிடங்களிற் குடியேறி வாழ்வு கண்டனர். மறைந்தோர் மீண்டதும் இவர்கள் மறுபடியும் முகாம்களுக்குத் தள்ளப்பட்டனர். இவர்தம் ஊழை முடிவுசெய்வது உலக மீள்குடியேற்றச் சபை. அதனை எதிர்த்தெழும் இளையோர் கூட்டத்தின் தலைவி கார்லி மோர்கன்தோ. முகாம், நிவாரணம், மீள்குடியேற்றம் என்பன நம் மாவட்டத்தார் அகராதியிற் பார்த்துக் கற்ற சொற்கள் அல்ல. 2004 டிசம்பர் 26இற் கடல் பொங்கியபோதும், 2006இல் மூதூர்ப் பகுதியிற் போர் மூண்டபோதும் வாழ்ந்து கற்ற சொற்கள். சம்பூர் மக்களுட் பலர் தம் நிலத்தை மீளக் காணப் பத்தாண்டளவு ஆயிற்று. ஆதலின் கார்லியின் மக்களைத் திரையிற் காணுங்கால், இவர்கள் யாவர், எதனை இழந்தனர், எந்த மண்ணை எண்ணி ஏங்குகின்றனர் என அறிய நம் நெஞ்சம் விழைகின்றது. தொடரோ அதனைக் காட்டுவதில்லை. கார்லியை வளர்த்த டோனியா மடானி என்பாள் முகாமில் நோயுற்று இறந்தாள் என்று அறிகின்றோம். அவள் வாழ்ந்ததைக் காண்கிலேம்.

அன்றியும், கார்லியின் நியாயம் வலுப்பெறும் இடத்தில் அவளைக் கொண்டு கொலையொன்று செய்விக்கப்படுகின்றது. நிவாரணப் பண்டகசாலைக்கு, உள்ளே ஆட்கள் கட்டுண்டிருக்க, அவள் வெடிவைக்கின்றாள். அக்கணமே காண்போர் மனம் அவளை விட்டு விலகுகின்றது. அவள் எழுப்பிய வினாவையும் விட்டு விலகிவிடுகின்றது. வன்செயலைக் கண்டித்தல் அறமே. ஆயின் ஒரு வினாவுக்கு விடைகூறாது தப்புதற்கென்றே வன்செயலைப் படைத்துக்கொள்ளுதல் நேர்மையான கலையாகாது. ஆறு பகுதிகளுள் எல்லாவற்றையும் அடக்குதல் அரிது என்பார் உளர். படகைச் சீராக்கும் காட்சிக்கு நேரம் கிடைத்ததன்றோ? சண்டைகளுள் ஒன்றைக் குறைத்து, முகாமொன்றில் ஒருநாட் பொழுது கழியும் வகையைக் காட்டியிருத்தல் இயலும்.

இறுதிப் பகுதியிற் சாம் கேடயத்தோடும் புதிய சிறகுகளோடும் தோன்றுகின்றான். சபையினரின் உயிரைக் காக்கின்றான். பின்னர் அவர்களை நோக்கி உரையாற்றுகின்றான். எதிர்ப்போரைப் பயங்கரவாதிகள் எனப் பெயரிட்டு ஒதுக்குதல் ஆகாது. முடிவெடுக்கும் இடத்தில் இருப்போர் யாவர், இல்லாதோர் யாவர் என எண்ணுதல் வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். சொல் நன்று. ஆனாற் கேட்போர் யாவரும் அதிகாரத்தில் அமர்ந்தோர். கார்லி அதற்கு முன்னரே சுட்டுக் கொல்லப்பட்டாள். அவள் தோழரோ பின்னர்ச் சிறைக்குக் கொண்டுசெல்லும் வாகனத்தில் வெடியால் மாள்கின்றனர். இல்லாதோர் யாவர் என்று வினவிய தொடரே அவர்களை இல்லாதோராக்கிவிட்டது.

ஐசையாவுக்கு நூதனசாலையிற் சிலை எழுகின்றது. அதனைக் கண்ட முதியவர் சாமைத் தழுவிக் கலங்க, நம் கண்களும் கலங்குகின்றன. ஆயினும் அரசின் சார்பில் எவரும் வந்து அவரிடம் பிழைபொறுக்க வேண்டும் காட்சி இல்லை. 2025இல் வெளிவந்த திரைப்படத்தில் அவர் மீண்டும் சிறைபுகுந்தே விடுதலை பெறுகின்றார் என்பதனையும் நோக்குமிடத்து, சிலை வேறு, நீதி வேறு என்பது தெளிவாகும்.

சோழன் கிள்ளிவளவனுக்கு வெள்ளைக்குடி நாகனார் உரைத்த அறத்தைப் புறநானூறு நமக்குக் காத்துத் தந்துள்ளது. வேந்தனின் வெண்குடை வெயிலை மறைத்தற்கு எடுத்ததன்று; வருந்திய குடிக்கு நிழலாதற்கு எடுத்தது என்பது அவர் கருத்து. அதனைக் கூறிப் புலவர் தம் நிலத்துக்குரிய வரிநிலுவையினின்றும் விடுதலை பெற்றார் என்பது அப்பாட்டைப் பற்றிய குறிப்பு. அங்கே அவைக்கண் உரைத்த அறவுரை குடியானவனின் கடனைத் தீர்த்தது. சாமின் உரையால் முகாமிலிருந்த ஒருவரேனும் வீடு மீண்டமையை நாம் காண்கிலேம். கேடயமும் குடையும் வடிவால் மட்டுமன்றிப் பயனாலும் ஒத்தவை. பிறர்மேற் படுவதைத் தான் தாங்குதலே இரண்டன் தொழிலும். கேடயத்துக்குரியவன் யார் என்னும் வினாவைத் தொடர் செவ்வனே ஆராய்ந்தது. அதன் நிழல் யார்மீது விழுதல் வேண்டும் என்னும் வினாவை எழுப்பியது. எழுப்பியபின் ஒரு சொற்பொழிவோடு அமைந்துவிட்டது.

குளக்கோட்டன் வரலாற்றை இந்நோக்கோடு மீண்டும் எண்ணிப் பார்த்தல் தகும். மரபின்படி அவன் தந்தையிடம் பெற்றது முடிவுறாத பணி. கோயிலோடு கந்தளாய்க் குளத்தையும் அவனோடு சார்த்திக் கூறுவர் நம் முன்னோர். வரலாற்றாசிரியர் இதில் வேறுபடுவர். ஆயினும் மக்கள் மனம் ஒருவனை வீரனென நினைவிற் கொள்ளும் முறை நோக்கத்தக்கது. அவன் வெட்டிய பகைவர் தொகையை அஃது எண்ணி வைக்கவில்லை. வயலுக்குப் பாய்ந்த நீரை நினைவில் வைத்தது. இக்கல்லூரி மாணவர் இத்தொடரைக் காண்பராயின், சிறகையும் கேடயத்தையும் கண்டு மகிழ்க. மகிழ்ந்தபின், தம் முன்னோரிடம் தாம் பெற்றவை எவை, அவற்றின் மீதுள்ள கடன் எவ்வளவு, அவற்றால் நிழல் பெறுவோர் யாவர் என்றும் ஒருமுறை கணக்குப் பார்ப்பாராக.