கடலோர மணலில் சங்குப்பூ

சங்குப்பூ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுக் கொடி. காக்கணம், காக்கட்டான் என்றும் இதைச் சொல்வதுண்டு. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் வரும் கருவிளை நீலச் சங்குப்பூ என்றும், செருவிளை வெள்ளைச் சங்குப்பூ என்றும் கொள்ளப்படுகின்றன. குளிர்நாட்டுத் தோட்டங்களை நீலப் பூக்களால் அழகுசெய்யும் லூபினும் இதே குடும்பம்தான். ஆனால் மரக்காணம் கடற்கரையின் வெக்கையை அது தாங்காது. அக்கரையிலுள்ள கூனிமேட்டின் மணற்பாங்கான வீட்டுத் தோட்டத்தில் அந்த நீலத்தைத் தரக்கூடியது சங்குப்பூவே.

இதன் அழகைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவரை, துவரைப் பூக்களில் பெரிய கொடியிதழ் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். சங்குப்பூவிலோ பூ தலைகீழாகத் திரும்பி, அவ்விதழ் கீழே அகன்று விரிகிறது. விளிம்பில் அடர்நீலம், நடுவே வெண்மஞ்சள் திட்டு, அதிலிருந்து புறப்படும் மெல்லிய கோடுகள். வண்டு அவ்விதழில் இறங்கி உள்ளே நுழையும்போது, மேலே இருக்கும் மகரந்தம் அதன் முதுகில் படுகிறது. அடுக்குச் சங்குப்பூவில் நிறம் செறிவாக இருக்கும். ஆனால் பூவின் அமைப்பை ரசிக்க ஒற்றையிதழ் வகையே ஏற்றது.

விதையின் தோல் கடினமானது. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் சீராக முளைக்கும். ஆடி, ஆவணியில் விதைத்தால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் ஊன்றிவிடும். முழு வெயிலும், கடற்காற்று நேரே அறையாத வேலியோரமும் வேண்டும். மணலில் நீர் நிற்காது என்பது நன்மை. ஈரம் தங்க மக்கிய தொழுவுரமும் தென்னைநார்க் கழிவும் கலக்க வேண்டும். உப்புநீர் பாய்ச்சினால் இலை ஓரம் கருகும். நல்ல தண்ணீரே ஊற்ற வேண்டும்.

உரத்தில் கை தாராளமாக இருக்கக் கூடாது. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்குச் சேர்த்துக் கொடுக்கிறது. ஒரு முடிச்சைக் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். யூரியா போட்டால் இலை மண்டும், பூ குறையும்.

பூ இலைக்கக்கத்தில், புதுத் தளிரில் வருகிறது. ஆகவே நுனி கிள்ளுவதும், ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் கொடியைக் கத்தரிப்பதும் பராமரிப்பில் முக்கியமானவை. காயை முற்றவிட்டால் பூ குறையும். கோடையில் சிலந்திப்பேனும், தளிரில் அசுவினியும் வரும்; லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளித்தால் அடங்கும்.

பறித்த பூவை வெந்நீரில் இட்டால் நீலம் இறங்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாக மாறும். டெர்னாட்டின் எனும் ஆந்தோசயனின் நிறமிகளே இதற்குக் காரணம். மலேசியாவின் நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றுவதும் இந்தப் பூவே.

விதைக்கென்று சில காய்களை மட்டும் விட்டுவைத்தால் போதும். காய் பழுப்பேறியதும் பறித்துவிட வேண்டும். தாமதித்தால் வெடித்து விதை சிதறிவிடும். நிழலில் உலர்த்திய விதை அடுத்த ஆடிக்கு உதவும்.