இடைவெளியும் ஒரு பொருள்தான்

"இதுல சிங்கப்பூர் எங்கடா இருக்கு?" தேசியக் கலைக்கூடத்தில், கிம் லிம்மின் கற்சிற்பம் ஒன்றின் முன்னால் நண்பன் கேட்டான். இதே கேள்வியைக் கேட்டு அவரை முன்பு ஒதுக்கிவைத்தவன் நான்.

கிம் லிம் 1936இல் சிங்கப்பூரில் பிறந்தவர். 1954இல், 18 வயதில் கலை படிக்க லண்டன் போனார். சிற்பி வில்லியம் டர்ன்புல்லை மணந்து, 1997இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் அவருடைய மரச் சிற்பங்களைப் படங்களில் மட்டும் பார்த்துவிட்டு, 'மேற்கத்திய மினிமலிசம், அவ்வளவுதான்' என்று முடிவுகட்டியிருந்தேன்.

2024 செப்டம்பரில் தொடங்கிய பின்னோக்குக் கண்காட்சி அந்த முடிவைக் கலைத்தது. 1980 வாக்கில் அவர் மரத்தை விட்டுக் கல்லுக்கு வந்தார். அந்தக் கற்களில் பெரிய செதுக்கல் எதுவும் இல்லை. சில மெல்லிய வெட்டுகள் மட்டும். நேராக நின்றால் வெறும் கோடுகள். ஓரடி நகர்ந்தால் வெட்டுக்குள் நிழல் இறங்கி, கல் அசைவதுபோல இருக்கிறது. புகைப்படத்தில் இது வரவே வராது. "கொஞ்சம் இடது பக்கம் வந்து பாருடா" என்று மட்டும் நண்பனிடம் சொன்னேன்.

காங்கிரீட் பலகைகளுக்கு நடுவே நாங்கள் இடைவெளி விட்டுத்தான் வரைபடம் போடுவோம். வெயிலில் விரிய இடமில்லாவிட்டால் வெடித்துவிடும். அந்த இடைவெளி வெறுமை இல்லை, கட்டுமானத்தின் ஒரு பாகம். கிம் லிம்மிடமும் அப்படித்தான். ஜப்பான், கம்போடியா, இந்தியா என்று பயணம் செய்து பழைய சிற்பங்களைப் பார்த்தவர் அவர். அங்கிருந்து உருவங்களை எடுத்துக்கொள்ளவில்லை; கல் ஒளியை எப்படித் தாங்குகிறது என்பதை எடுத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றியது.

எல்லாமே என்னைத் தொட்டது என்று சொல்ல மாட்டேன். தொடக்ககால மரச் சிற்பங்கள் சில இன்னமும் பயிற்சி போலத்தான் தெரிகின்றன. ஆனால் கற்களைப் பார்த்த பிறகு, அது எதற்கான பயிற்சி என்று புரிகிறது.

இங்கே எழுதப்படும் கதைகளிடமும் நாம் நண்பனின் கேள்வியைத்தானே கேட்கிறோம்? புளோக், எம்ஆர்டி, கோப்பிக்கடை வந்தால்தான் சிங்கப்பூர்க் கதை. ஊர்ப்பெயரே இல்லாத ஒரு நல்ல சிறுகதையை, 'மண் இல்லை' என்று ஒரே வரியில் நான் தள்ளியிருக்கிறேன். அந்தக் கதையை இன்னொருமுறை படிக்கணும். இந்தத் தடவை, கொஞ்சம் நகர்ந்து நின்று.