உழைப்பைப் பார்க்காத கதைகள்

நாவல்களில் வரும் தொழிலாளி, பெரும்பாலும் ஆலையை விட்டு வெளியே வந்த பிறகுதான் நமக்கு அறிமுகமாகிறான். அவனுடைய குடிசை நமக்குத் தெரியும். குழந்தையின் நோய் தெரியும். அவன் குடிப்பதும் அழுவதும் தெரியும். காலைச் சங்கிலிருந்து மாலைச் சங்கு வரையில் அவன் கைகள் என்ன செய்தன, அப்போது அவன் மனம் எங்கே இருந்தது என்று கேட்டால் மட்டும் நாவலாசிரியன் பேசாமல் இருந்துவிடுகிறான். கதை எழுதுகிறவர்கள் பார்த்திருக்க வேண்டிய இடத்தை, பொருளாதாரம் எழுதியவர்கள் முன்னதாகவே பார்த்துவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

ஆடம் ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1776-ல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே நம்மை ஒரு குண்டூசிப் பட்டறைக்கு அழைத்துப் போகிறார். ஒருவன் கம்பியை இழுக்கிறான், இன்னொருவன் நிமிர்த்துகிறான், ஒருவன் வெட்டுகிறான், ஒருவன் கூராக்குகிறான். ஓர் ஊசிக்குச் சுமார் 18 வேலைகள். பத்துப் பேர் சேர்ந்து நாளொன்றுக்கு 48,000 ஊசிகள் செய்கிறார்கள். பழக்கமில்லாத ஒருவன் தனியே செய்தால் இருபதுகூடத் தேறாது. இந்த அதிசயத்தைப் பாராட்டிய அதே ஸ்மித், நூலின் ஐந்தாம் பகுதியில் வேறு குரலில் பேசுகிறார். வாழ்நாள் முழுவதும் இரண்டொரு சிறு வேலைகளையே செய்கிறவனுக்கு யோசிக்கவே அவசியம் ஏற்படாததால், அவன் புத்தி முற்றிலும் மழுங்கிவிடும் என்கிறார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் பள்ளிக்கூடம் வைக்கட்டும் என்பது அவர் சொன்ன பரிகாரம். ‘மூலதன’த்தை 1867-ல் வெளியிட்ட கார்ல் மார்க்ஸ், இது ஹோமியோபதிப் பொட்டலம் போன்ற வைத்தியம் என்று கேலி செய்தார்.

ஆனால் என்னைக் கவர்ந்தவர் ‘மூலதனம்’ எழுதிய மார்க்ஸ் அல்ல; 1844-ல் பாரிஸ் நகரத்தில், 26 வயதில், தமக்காகவே குறிப்புகள் எழுதிவைத்த மார்க்ஸ். அந்தக் கையெழுத்துப் பிரதிகள் 1932-ல்தான் முழுமையாக அச்சேறின. அவற்றில் ‘அந்நியமாதல்’ என்பதை அவர் நான்கு படிகளாக விளக்குகிறார். தொழிலாளி செய்த பொருள் அவனுடையதாக இல்லை. செய்யும் செயலும் அவனுடையதாக இல்லை. வேலை முடிந்த பிறகே அவன் தானாக இருக்கிறான். படைத்து மகிழும் மனித இயல்பு, வயிறு வளர்க்கும் உபாயமாகச் சுருங்கிவிடுகிறது. கடைசியில் மனிதனுக்கு மனிதனே அந்நியனாகிறான். கூலியை உயர்த்துவதால் மட்டும் இது தீராது என்றும் அவர் எழுதினார். உயர்ந்த கூலி, அடிமைக்குக் கொடுக்கும் கொஞ்சம் நல்ல சம்பளம், அவ்வளவுதான்.

நம் அநுதாபக் கதைகள் இடறி விழுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அவற்றில் வரும் துயரம் வறுமையின் துயரம். கதாநாயகனுக்கு இன்னும் கொஞ்சம் பணம் கிடைத்துவிட்டால் கதை தீர்ந்துவிடும். அவனுடைய வேலைக்குள் இருக்கும் துயரம் தொடப்படாமலே கிடக்கும்.

டிக்கன்ஸைவிட ஏழைகளிடம் அன்பு கொண்ட ஆசிரியர் யார்? பிரஸ்டன் நகரத்து நெசவாலைப் போராட்டத்தை 1854 ஜனவரியில் அவர் நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டில் ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலை எழுதினார். அதில் வரும் ஸ்டீபன் பிளாக்பூல் விசைத்தறித் தொழிலாளி. அவன் தறியருகே குனிந்து நிற்பதைச் சில வரிகளில் காட்டுகிறார். யந்திரத்தின் சக்தியை இம்மி பிசகாமல் கணக்கிடலாம், இந்த மனிதனின் உள்ளத்தை யாரால் கணக்கிட முடியும் என்று கேட்கவும் செய்கிறார். அருமையான கேள்வி! கேட்ட கையோடு மத்தியான மணி அடித்துவிடுகிறது. ஸ்டீபன் சாப்பாட்டு இடைவேளையில் முதலாளி வீட்டுக்குப் போய், குடிகார மனைவியிடமிருந்து விடுதலை பெற வழி உண்டா என்று விசாரிக்கிறான். கதை தறியை விட்டுக் கல்யாணத்துக்குப் போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஸ்டீபன் நேசிக்கும் ரேச்சலின் தங்கை, ஆலை யந்திரத்தில் சிக்கிக் கையை இழந்தாள் என்று ஒரு பகுதி முதலில் இருந்தது. அச்சுப் படியைத் திருத்தும்போது டிக்கன்ஸ் அதை நீக்கிவிட்டார். அச்சான நாவலில் அந்தப் பெண், அசுத்தக் காற்றாலும் மோசமான வீடுகளாலும் இறந்தவளாகவே நினைவுகூரப்படுகிறாள். குற்றம் ஆலையிலிருந்து வீட்டுக்கு இடம் மாறிவிட்டது.

ஜோலா அப்படி நழுவவில்லை. 1884-ல் ஆன்சான் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, மறு வருஷம் ‘ஜெர்மினல்’ நாவலை வெளியிட்டார். அதில் மாஹே என்ற தொழிலாளி குறுகிய பொந்தில் ஒருக்களித்துப் படுத்து நிலக்கரி வெட்டுகிறான்; பாறையிலிருந்து சொட்டும் நீர் அவன் முகத்திலேயே விழுகிறது. மேலே உள்ள பாறை சரியாமலிருக்க மரமுட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் கூலி, வெட்டிய கரிக்குத்தான். ஆகவே முட்டுக் கொடுக்கும் நேரம் நஷ்டமாகிறது. தன் உயிரைக் காக்கும் வேலையே ஒருவனுக்கு வீண் வேலையாகத் தோன்றும் நிலை! மார்க்ஸின் குறிப்புகளில் அப்போது அச்சேறாமல் கிடந்த உண்மையை, ஜோலா ஒரு மரமுட்டில் காட்டிவிட்டார்.

தத்துவ அறிஞர்களுக்குள்ளேயே இதில் வழக்கு உண்டு. எமில் தர்க்கைம் 1893-ல் எழுதிய நூலில், தொழிற்பிரிவினை மனிதர்களைப் பிணைக்கவே செய்யும் என்றார். தன் சிறு வேலை எந்தப் பெரிய காரியத்துக்கு உதவுகிறது என்று தொழிலாளி உணர்ந்தால் போதும், அவன் யந்திரமாகிவிட மாட்டான் என்பது அவர் கட்சி. உணர்ந்தால் மட்டும் போதாது, அந்த வேலை அவனுடையதாக இருக்க வேண்டும் என்பது மார்க்ஸின் கட்சி. இந்த வழக்கில் சாட்சி சொல்லக்கூடியவன் நாவலாசிரியன். ஒரு தனி மனிதனின் மனத்துக்குள் போய் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேறு யாருக்கு அநுமதி உண்டு?

அந்தச் சாட்சியைக் கேட்கும் பொறுமை வாசகர்களுக்கும் வேண்டும். குடிசையைப் பார்த்துக் கண்ணீர் விடுவது நமக்குச் சுலபம். நாம் அங்கே வசிக்கவில்லை. நிலைமை அப்படியிருக்க, தான் எழுதும் குறிப்பு எங்கே போகிறது, எதற்குப் பயன்படுகிறது என்று அறியாமல் முப்பது வருஷம் காகிதத்தைப் புரட்டி ஓய்வுபெறும் குமாஸ்தாவின் கதையை யாராவது உள்ளபடி எழுதினால், அதைப் படித்து நம்மால் அவ்வளவு நிம்மதியாக அழ முடியாது. அப்படிப்பட்ட கதைகளைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.