பலகையை அழுத்தும் இரு உருளைகள்

இலங்கையில், ஸ்பிரிங்வெளியைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களில் யூகலிப்டஸ் கிராண்டிஸ் நிறைய வளர்கிறது. வளரும்போதே உள்ளிழுவிசையைச் சேர்த்துவைக்கும் மரம் அது. நீளவாக்கில் கிழித்ததும் பலகை வளைந்து, வெட்டு வாய் மூடி, வாளை நெரிக்கக்கூடும். பத்து அங்குல வட்ட வாள் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழன்றால் அதன் பற்கள் மணிக்கு ஏறத்தாழ 190 கி.மீ. வேகத்தில் ஓடும். பின்பக்கப் பற்கள் மேலெழுபவை; நெரிந்த பலகையை அவை தூக்கித் தச்சரின் வயிற்றை நோக்கி எறியும். மேசை வாளின் பக்கச் சட்டத்தில் பொருத்தும் அழுத்து உருளைகளை நான் மெச்சுவது இதனால்தான். வாளுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. வில்விசையால் பலகையை மேசையோடு அமர்த்துகின்றன. சற்றே சாய்ந்திருப்பதால் சட்டத்தோடும் அணைக்கின்றன. ஒரு திசையில் மட்டுமே சுழலும் வகை, பின்னோட்டத்தையும் மறிக்கிறது. எவ்வளவு அழகான சிக்கனம்!

வாளின் பின்னே நிற்கும் பிளவுத் தகடு போதாதா என்பார்கள். தகடு வெட்டு வாய் மூடுவதைத் தடுக்கும். பலகை சட்டத்தை விட்டு விலகுவதைத் தடுக்காது. ஆகவே இரண்டும் வேண்டும். ஒடுங்கிய பலகைகளைக் கிழிக்கையில் உருளை தள்ளுகோலுக்கு வழிமறிக்கும் என்பது நியாயமான குறை. அப்போது கழற்றிவிட வேண்டியதுதான். பொருத்துவதிலும் கவனம் தேவை. உருளை பலகையை அழுத்தும் அதே விசை சட்டத்தை மேலே தூக்கும். மெல்லிய அலுமினியச் சட்டத்தில் நேரே துளையிடாமல், தடித்த நேரான வைரமரக் கட்டையைப் போல்ட் போட்டு இறுக்கி, அதன்மேல் உருளைகளை ஏற்றுங்கள். சட்டத்தின் பின்முனையையும் பூட்டுங்கள்.